விறாந்தை வைத்த கராச்

எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு கடிதத்துக்கு நான் எழுதிய பதில்தான், என் எழுத்துகளில் அதிகம் பேர் வாசித்தது. அதற்குப் பிறகு இருபது வருடமாக நகைச்சுவை என்ற பெயரில் பத்திரிகைகளுக்கு எதையெல்லாமோ எழுதி அனுப்பிவிட்டேன். அவற்றில் ஒன்றையேனும் என் மனைவி உட்பட ஒருவரும் இரண்டாம் முறை வாசித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பதிலையோ நயினாதீவு வள்ளத்தில் ஒருவர் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போனாராம். நெடுந்தீவில் ஒரு வாத்தியார் கொப்பியில் எழுதி வைத்திருந்தாராம். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தலைக்கனத்தில் கழுத்து நோகிற வயது.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஒரு சிறிய கிராமசபையில் நான் லிகிதர். ஊர் வாயில் கிளாக்கர். சபையின் சொத்துப் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒரு ட்றக்டர், அதன் பின்னால் கொழுவி இழுக்கிற தண்ணீர்ப் பவுசர், ஒழுங்கைகளுக்கு மண் போட்டால் அமத்துவதற்கு ஒரு கல் உருளை, தெருவிளக்கு ஏற்றுகிற ஏணி, குப்பை வண்டில்கள். இவ்வளவுக்கும் இருந்த கூரை, இறங்குதுறைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பூவரசு. மழை பெய்யும்போதும் ஒழுகும், விட்ட பிறகும் ஒழுகும். உப்புக்காற்று இரும்பைத் தின்கிற வேகத்துக்கு அந்த இலைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சபைச் சொத்தில் ஓட்டுக்கூரைக்குக் கீழே இருந்தது நான் ஒருவன்தான். நான் துருப்பிடிக்கிற பொருளல்ல என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ட்றக்டரை ஓட்டியவரும் திருத்தியவரும் ஒரே ஆள். எல்லோரும் ட்றைவர் அண்ணை என்பார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கரம்பொன் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன், தமையன்மார் எல்லோரும் கடல். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறியதும் வயிற்றைப் பிரட்டும். பதினைந்து வயதில் மூன்று நாள் தொடர்ந்து சத்தி எடுத்ததோடு தகப்பன் கரையில் இறக்கிவிட்டாராம். அன்றிலிருந்து இயந்திரங்களோடு சேர்ந்துகொண்டார். அவருடைய வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஒரு பழைய டீசல் எஞ்சின் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டாகத் தேடிப் பொறுக்கிவந்து, பல வருடமாகப் பூட்டிக்கொண்டிருந்தார். தமையன்மாரின் வள்ளத்துக்குப் பொருத்தவேண்டும் என்பது எண்ணம். அந்த வீட்டில் ஒரு மகன் கடலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டு, நட் ஒன்றைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பராமரிப்பு வேலைத்தளம் ஒன்று கட்டவேண்டும்; கட்டுவதற்குக் கொழும்பில் இருக்கிற திணைக்களத்திடம் மானியம் கேட்கவேண்டும். காணி சபையுடையது. கூரைக்கு வளையும் சிலாகையும் ஊரார் தங்கள் பனைகளில் தறித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். திட்டத்தைத் தயாரிக்கிற பொறுப்பு, சபையில் அதிகம் வாசித்தவன் என்ற காரணத்தால் என்னிடம் வந்தது. ஊரில் எல்லோரும் அதைக் கராச் என்றே சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அதில் எண்ணெய் மணத்தது.

வேலைத்தளம் ஒன்றில் என்னென்ன இருக்கவேண்டும் என்று முதலில் புத்தகங்களில் தேடினேன். ட்றைவர் அண்ணையைக் கேட்கலாம் என்று கடைசியாகத்தான் தோன்றியது. அவர் கேள்விக்குக் காத்திருந்தவர் மாதிரி உடனே சொன்னார்.

“கூரையைக்கூட விடுங்கோ, கிளாக்கர். நிலத்துக்குச் சீமெந்து போட்டு, நடுவிலை நான் இறங்கி நிண்டு வேலை செய்ய ஒரு கிடங்கும் வெட்டித் தந்தால் காணும். நனைஞ்சால் காய்ஞ்சு போம். மணல் எண்டால் ஜக்கு நிக்காது.”

பூவரசடிக்குக் கூட்டிப்போய்க் காட்டவும் செய்தார். மணலில் ஒரு பனம்பலகை, பலகைக்கு மேல் வண்டியை உயர்த்துகிற ஜக்கு, ஜக்கு சறுக்கினாலும் தாங்கட்டும் என்று அச்சுக்குக் கீழே அடுக்கிய முருகைக்கற்கள். கற்கள் பக்கத்து வளவு மதிலில் இருந்து எடுத்தவை. காலையில் எடுத்து மாலையில் திரும்ப வைத்துவிடுவார். வளவுக்காரர் மட்டும், மதில் ஒவ்வொரு நாளும் கட்டையாகிக்கொண்டு போகிறது என்று சபைக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தார். முருகைக்கல் மதிலுக்கு நல்ல கல். உள்ளே முழுக்கப் பொந்து. பாரம் ஏறினால் எப்போது பொரிந்து நொறுங்கும் என்று சொல்ல ஏலாது. அதற்குக் கீழேதான் அவர் சிலுவை போட்டுக்கொண்டு படுப்பார். அதைக் காட்டிவிட்டு எழும்பி முதுகு மணலைத் தட்டினார். நான் பார்த்தேன். விளங்கிக்கொண்டேன். குறிப்புப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டேன்.

மாதத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ஓவசியர் படம் கீறினார். நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தேன். வேலைத்தளம் என்றால் பதிவேடுகள் இருக்கும். பதிவேடுகள் என்றால் ஒரு கந்தோர் அறை வேண்டும். அறை என்றால் யன்னல். யன்னல் என்றால் கடல் பக்கம். யன்னலுக்கு வெளியே வெறும் சுவராக விட்டால் அழகில்லை, ஆகவே ஒரு விறாந்தை. விறாந்தை எதற்கு என்று ஓவசியர் கேட்டார். பொதுமக்கள் காத்திருப்பதற்கு என்றேன். கராச்சில் பொதுமக்கள் எதற்குக் காத்திருப்பார்கள் என்றார். பவுசருக்கு என்றேன். பவுசர்தானே அவர்களிடம் போகிறது என்றார். அவர் ஒரு விவரமான மனிதர். அதனால் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

உண்மையில் என் மனதில் அந்த விறாந்தையில் காத்திருந்தது ஒரு சாய்மனைக் கதிரை. அதில் நான் காலை நீட்டிப் போட்டு, மூன்று மணிக் காற்றில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். படத்தில் இது கீறப்படவில்லை. ஆனால் விறாந்தையின் அகலம் அந்தக் கதிரைக்கு அளந்து போட்டது.

மதிப்பீடு போட்டுப் பார்த்தபோது திணைக்களம் வழக்கமாகக் கொடுக்கிறதற்கு மேலே போய்விட்டது. எதையாவது வெட்டவேண்டும். முன்பக்கத் தோற்றம் என்று ஓவசியர் கீறியிருந்த படத்தில் விறாந்தை எடுப்பாக நின்றது. தரை எந்தப் படத்திலும் தெரியவில்லை. தெரியாததை வெட்டினேன். வாகனக் கொட்டிலின் தரைக்கும் கிடங்குக்கும் நேரே ‘பின்னர்’ என்று எழுதுவித்தேன். ட்றைவர் அண்ணையிடம், சீமெந்து இரண்டாம் கட்டத்தில் வரும் என்றேன். இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டார். முதலாம் கட்டத்துக்குப் பிறகு என்றேன். பகிடி என்று நினைத்து மரியாதைக்குச் சிரித்தார்.

சில மாதங்களில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களத்தில்.

சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற ஐம்பத்தாறாம் ஆண்டுச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தமிழர் வாழ்கிற ஒரு தீவுக்கு, சபையில் ஒருவருக்கும் தெரியாத மொழியில் கடிதம் வந்தால் ரோசம் வராமல் இருக்காது. அப்படி வருகிற கடிதங்களை ஏற்பதில்லை என்று சபையிலும் ஏற்கெனவே தீர்மானம் இருந்தது. சேர்மன் கடிதத்தை விரித்து நெடுநேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறாரா என்று சொல்ல எங்களில் யாருக்கும் தகுதி இருக்கவில்லை. பிறகு, நல்ல தமிழில் ஒரு பதில் எழுதித் திருப்பி அனுப்பவேண்டும் என்றார். அறையில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் திரும்பத் தேவையிருக்கவில்லை. ஏற்கெனவே எழுந்து நின்றேன்.

இரண்டு நாள் கந்தோர் வேலை ஒன்றையும் தொடாமல் அந்தப் பதிலை எழுதினேன். கடல்கொண்ட நாடுகளில் தொடங்கினேன். தமிழ் தோன்றிய காலத்தில் உலகத்தின் மற்றப் பகுதிகள் என்ன நிலையில் இருந்தன என்பதை அனுதாபத்தோடு தொட்டுக் காட்டினேன். ஒரு வசனம் மூச்சு விடாமல் ஒரு பக்கம் போனது. கூட்டத்தில் வாசித்தபோது அதில் வினைமுற்று வந்த இடத்தில் சபையார் கை தட்டினார்கள். கடைசியில், எமக்கு விளங்காத எழுத்தை எம் வாசலுக்கு அனுப்பவேண்டாம் என்று முடித்தேன். மூன்று பக்கம். அதில் கராச் என்ற சொல்லும் இல்லை, வேலைத்தளம் என்ற சொல்லும் இல்லை. பிரதி ஒன்றை வாசிகசாலைப் பலகையில் ஒட்டினார்கள். ஒரு கிழமைக்கு நான் சைக்கிளில் போனால் ஆட்கள் எழும்பி நின்றார்கள்.

ட்றைவர் அண்ணையும் பலகையில் வாசித்திருந்தார். மத்தியானம் கந்தோர் வாசலில் வந்து நின்று, நல்லாய் இருக்கு என்றார். பிறகு கேட்டார்.

“வந்த கடிதத்திலை என்ன கிடந்தது?”

தெரியாது என்றேன்.

“அப்ப, என்னெண்டு தெரியாததுக்கே மூண்டு பக்கம் பதில் எழுதினீங்கள்?”

நான் அவருக்குக் கொள்கையை விளக்கினேன். உட்காரச் சொல்லாமலே விளக்கினேன் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

“ஓம், அது எல்லாருக்கும் உள்ள ரோசம்தான். நானும் சத்தியாக்கிரகம் எண்டு கச்சேரி வாசலிலை போய் வெயிலுக்கை இருந்தனான். எண்டாலும் பேக்கரிக்காரரட்டை ஒருக்கால் காட்டி, என்னெண்டு கேட்டுப்போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கலாம். கராச் கடிதமாயும் இருக்கும்.”

பேக்கரிக்காரர் தெற்கிலிருந்து வந்த சிங்களவர். ஊரில் நெடுங்காலமாகப் பாண் போட்டவர். நான் தினமும் காலையில் அவரிடம்தான் பாண் வாங்கினேன். கடிதம் வந்த அன்றும் மறுநாளும் வாங்கினேன். அவரிடம் காட்டலாம் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. சங்க காலத்திலிருந்து பதில் எழுதப்போகிறவன், பாண் கடையில் கடிதத்தை விரித்துக்கொண்டு நிற்பதை யாரும் பார்த்துவிட்டால் என்ன செய்வது? பசித்தால் அந்த ஆளிடம் போகலாம், விளக்கம் கேட்கப் போகக்கூடாது என்ற அளவில்தான் என் கொள்கை இருந்தது. சட்டம் அநியாயமானது. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அந்த அநியாயத்துக்கு மேல் ஏறி நின்று நான் என் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன். அதிலும் இப்போது சந்தேகமில்லை.

இரண்டு மாதம் கழித்து என் பதில் கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. நாங்கள் திருப்பி அனுப்பிய கடிதமும் அதோடு குத்தியிருந்தது. மேலே ஒரு துண்டு, அதுவும் சிங்களம். மூன்றையும் சேர்த்துக் கோவையில் போட்டு, கோவையை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில், ஊர்க் கிணறுகள் எல்லாம் உவர்த்துப்போன ஓர் ஆவணிப் பகல், வேலணையிலிருந்து நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்த பவுசரின் சில்லு ஒன்று அச்சில் இறுகிக்கொண்டது. ட்றைவர் அண்ணை மெல்ல மெல்ல இழுத்துப் பூவரசடிவரை கொண்டுவந்துவிட்டார். பாரத்தோடு தூக்கக்கூடாது, தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுத்தான் ஜக்கு அடிக்கவேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. நான் கந்தோர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். குடங்களோடு ஓடிவந்த பெண்களுக்கெல்லாம் நிறைத்துக் கொடுத்தார். குடங்கள் முடிந்துவிட்டன, பவுசரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. குழாயில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஆவணி மாதத்தில் நல்ல தண்ணீரை மணலில் ஊற்ற எங்கள் தீவுகளில் பிறந்த ஒருவருக்கும் கை வராது. எனக்கும் வந்திராது. அவர் குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜக்கை எடுத்தார்.

சீமெந்துத் தரையாக இருந்திருந்தால் அந்தப் பாரத்தையும் ஜக்கு தாங்கியிருக்கும் என்று பிறகு ஓவசியர் சொன்னார். மணலில் பலகை சரிந்தது. அடுக்கிய முருகைக்கல் இரண்டு பொரிந்து மாவாகின. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ கோதுக் கடலையை மிதித்தது போல. அச்சு இறங்கியபோது உடம்பை இழுத்துக்கொண்டார். வலது கை உள்ளே நின்றுவிட்டது.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. பாரத்தைக் குறைக்கக் குழாயைத் திறந்துவிட்டோம். அவ்வளவு தண்ணீரும் அவரைச் சுற்றி மணலுக்குள் போனது. அது போய் முடிய எடுத்த நேரத்தை நான் பிறகு ஒன்றோடும் ஒப்பிட்டதில்லை. அவர் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் சுண்டுவிரலையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நான் பார்க்கப் போனேன். அவருடைய மனைவி கட்டிலடியில் இருந்தார். மூன்று பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு மூன்று சொல் வரவில்லை. கொண்டுபோன தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கி, அதையும் சரியாக உரிக்க முடியாமல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்து கோவையை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கையில் மாவோடு கடிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் வரி வரியாகத் தடவி வாசித்தார். கந்தோர்ச் சிங்களம் தனக்கும் கஷ்டம் என்றார். இரண்டு முறை வாசித்துவிட்டுத் தன் தமிழில் சொன்னார்.

மானியம் கொடுக்க அவர்களுக்குச் சம்மதம். ஆனால் படத்தில் ஒரு பிழை இருப்பதாகப் பொறியியலாளர் ஒருவர் குறித்திருக்கிறார். வாகனம் திருத்துகிற இடத்தை வெறும் மணலில் விடுவது ஆபத்து. தரைக்குச் சீமெந்து போடவேண்டும், நடுவில் கிடங்கு வேண்டும். விறாந்தை இப்படிப்பட்ட கட்டடத்துக்குத் தேவையில்லை. அதை எடுத்துவிட்டால் அந்தச் செலவில் தரை முடிந்துவிடும். படத்தைத் திருத்தி, சேர்மனின் கையொப்பத்தோடு ஒரு மாதத்துக்குள் அனுப்பினால் பணம் வரும். இது கடிதம். மேலே குத்தியிருந்த துண்டில் இருந்தது இரண்டு வரி. உங்கள் பதிலை வாசிக்க இங்கே இப்போது ஆள் இல்லை. தவணை முடிந்துவிட்டபடியால் பணம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

ஆக, அவர்கள் எழுதியதை நாங்கள் வாசிக்கவில்லை, நான் எழுதியதை அவர்கள் வாசிக்கவில்லை. அந்த மூன்று பக்கத்தையும் யாருக்கு எழுதினேனோ அவர் ஒருவரைத் தவிர, மூன்று தீவுகளும் வாசித்திருந்தன.

பேக்கரிக்காரர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். அதில் அவருடைய விரல்கள் மாவில் பதிந்திருந்தன. ஐந்தும்.

“ஒவ்வொரு நாளும் பாண் வாங்க வாறதுதானே, மாத்தையா. அப்ப ஏன் கொண்டர இல்லை?”

நான் பாணை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று காசு கொடுக்க மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் நேரம் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு நேரம் கடந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டுக்கும் நடுவில் சொல்வதற்குச் சரியான ஒரு நாள் இருந்திருக்கவேண்டும். அன்று நான் லீவில் நின்றிருப்பேன்.

ஸ்டியரிங் பிடிக்க ஏலாத கைக்குச் சபை சந்தைக் காவல் வேலையைக் கொடுத்தது. சந்தை வாசலில் ஒரு வாங்கு. அதில் இருந்தபடி ட்றக்டர் வருவதையும் போவதையும் கேட்டுக்கொண்டிருப்பார். புது ட்றைவர் கியர் மாற்றும்போது அவருடைய முகம், பல் வலிக்காரன் குளிர்ந்த தண்ணீர் குடித்தது போல ஒருமுறை சுருங்கும். மாட்டுக்கொட்டில் எஞ்சின் இரண்டு வருடம் சாக்குக்குக் கீழே கிடந்தது. இடது கையாலும் இரண்டு விரலாலும் பூட்டிப் பார்த்தாராம். பிறகு நெடுந்தீவார் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போய், தானே பூட்டி முடித்துத் தன் வள்ளத்துக்குப் போட்டார். அந்த வள்ளம் காலையில் இறங்குதுறைக்கு வரும். அது கண்ணுக்குத் தெரிய முன்னமே ட்றைவர் அண்ணை வாங்கிலிருந்து எழும்பி நின்றுவிடுவார். ஒருநாள் நான் பக்கத்தில் நின்றேன். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, நோசில் அடைக்கிறது, கழுவவேண்டும் என்றார். போய்ச் சொல்லலாமே என்றேன். அது இப்போது அவர்களுடைய எஞ்சின் என்றார்.

நான் வேறு சபைகளுக்கு மாற்றலாகிப் போய், எழுபதுகளின் நடுவில் அதே சபைக்குச் செயலாளராகத் திரும்பி வந்தேன். தலையில் முடி குறைந்திருந்தது, கழுத்து நோகவில்லை. பூவரசடியில் இன்னும் பலகையும் முருகைக்கல்லும். முதல் வேலையாக மறுபடியும் விண்ணப்பம் போட்டேன். இந்த முறை மூன்று வரி: வாகனம் திருத்த ஒரு கொட்டில், சீமெந்துத் தரை, நடுவில் கிடங்கு. தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டு பேக்கரிக்காரரிடம் போனேன். பாண் சுற்றுகிற தாளில் அவர் சிங்களத்தில் எழுதித் தந்தார். அதைப் பார்த்துப் பார்த்து, சித்திரம் கீறுகிற மாதிரி நானே நல்ல தாளில் எழுதினேன். எவ்வளவு பிழை விட்டேனோ தெரியாது. பணம் வந்தது. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாத மொழியில் எழுதிய கடிதம்தான் என் எழுத்தில் ஓரளவு பயன்பட்டது.

தரை போடுவதற்குள் பேக்கரிக்காரர் இல்லை. எழுபத்தேழில் தெற்கில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு ஒரு காலை போய்விட்டார். எங்கள் ஊரில் யாரும் அவரைப் போ என்று சொல்லவில்லை. இரு என்று சொல்லவும் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. பலகைக் கதவு சாத்திக் கிடந்தது. அன்று வீட்டில் புட்டு.

கராச் திறந்த அன்று தோரணம், பேச்சு, வாழைப்பழம் எல்லாம் இருந்தன. எல்லோரும் போன பிறகு சந்தை வாங்கிலிருந்து ட்றைவர் அண்ணை எழும்பி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். தரையைக் குதிக்காலால் தட்டிப் பார்த்தார். நாலு மூலைக்கும் போய்த் தட்டினார். கிடங்கின் படியில் இறங்கி நின்று, மேலே ட்றக்டர் இருக்கவேண்டிய வெறுமையைப் பார்த்தார். இடது கையை உயர்த்தி எதையோ முறுக்குகிற மாதிரி ஒரு அசைவு. பிறகு கையை இறக்கிவிட்டார்.

அப்போதுதான் சொன்னேன். கோவையைக் கையிலேயே வைத்திருந்தேன். கடிதம் வந்தது, அதில் இருந்தது, தரை, கிடங்கு, விறாந்தை, ஒரு மாதத் தவணை, பேக்கரிக்காரர் வாசித்தது, இவ்வளவு வருடமும் நான் சொல்லாமல் இருந்தது எல்லாம் சொன்னேன். அன்று அந்தக் கடிதத்தை வாசித்துக் கேட்டிருந்தால் அவருடைய கை இன்று அவருக்கு இருந்திருக்கும் என்றேன். பதினைந்து வருடம் மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த வசனம் அது.

அவர் கிடங்குக்குள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். படியேறி வந்து கோவையை வாங்கி, இரண்டு விரலால் தாளைத் தூக்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்பித் தந்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“வாசிச்சிருந்தால் மட்டும் விட்டிருப்பியளே, கிளாக்கர்? உங்கடை விறாந்தையை எடுக்கச் சொல்லியெல்லோ எழுதிக் கிடக்கு.”